பள்ளி கிடைத்தது, வகுப்பு கிடைக்கவில்லை: இரண்டு பிள்ளைகளுக்கு இன்டர்நேஷனல் ஸ்கூல் தேடிய ஆறு மாதம்

2024 பிப்ரவரியில் என் கணவருக்கு வெளிநாட்டு மாற்றல் உறுதியானது. அவர் ஏப்ரலில் போய்ச் சேர வேண்டும், ஒப்பந்தம் மூன்று வருஷம், நாங்கள் மூவரும் ஆகஸ்டுக்குள் போய்விடலாம் என்பது திட்டம். மூத்தவளுக்கு அப்போது பதினான்கு முடிந்து பதினைந்து நடந்துகொண்டிருந்தது, சின்னவனுக்கு எட்டு. வீடு, விசா, சாமான் அனுப்புவது எல்லாவற்றுக்கும் நிறுவனத்தில் ஆள் இருந்தார்கள். பள்ளி மட்டும் எங்கள் தலையில். அதை எப்படித் தேடினோம், எங்கே தடுக்கி விழுந்தோம் என்பதை ஒரு இடம் விடாமல் எழுதி வைக்கிறேன். இதே நிலையில் இருக்கும் யாராவது ஒருவருக்கு ஒரு மாதமாவது மிச்சமானால் சரி.

முதலில் நாங்கள் நின்ற இடம். மூத்தவள் ஐஜிசிஎஸ்இ என்னும், நம் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு மாதிரி ஒரு தேர்வில் முடியும் இரண்டு வருடப் படிப்பில் முதல் வருடத்தை முடிக்கப் போகிறாள். தேர்வு 2025 மே, ஜூனில். அதாவது சரியாக நடுவில் ஊர் மாறுகிறோம். சின்னவன் தொடக்கப் பள்ளி, அவனுக்கு அப்படிக் கெடு எதுவும் இல்லை, ஆனால் அவனுக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும். ஒரு வருடமாகவே அதற்கென்று ஒரு டீச்சர் தனியாக உட்கார்ந்து உதவிக்கொண்டிருந்தார்.

இப்போது யோசித்தால் இந்த இரண்டு வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு தேடியிருக்க வேண்டும். நாங்கள் தேடியது வேறு மாதிரி. ஊரில் நல்ல பெயர் உள்ள பள்ளி எது, வீட்டுக்குப் பக்கம் எது, யாருக்கு எந்தப் பள்ளி பிடித்திருந்தது என்று கேட்டு ஆறு பெயர் எழுதி, அதில் எல்லோரும் முதலில் சொன்ன பெரிய பள்ளிக்கு விண்ணப்பித்தோம். அதன் பெயர் இங்கே வேண்டாம். ஐஜிசிஎஸ்இ இருக்கிறதா என்று மெயிலில் கேட்டேன், இருக்கிறது என்று பதில் வந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது.

படிவத்திலேயே முதல் தப்பு. எங்கள் பழைய பள்ளியில் வகுப்பை கிரேடு என்பார்கள், மூத்தவள் கிரேடு 9 முடித்து 10 போகிறாள். நானும் 10 என்று எழுதிவிட்டேன். புதிய பள்ளி இங்கிலாந்து முறையில் இயர் என்று கணக்கு வைக்கிறது. அதில் ஒன்று கூடுதலாக இருக்கும், கிரேடு 10 என்றால் அங்கே இயர் 11. அவர்கள் அவளை இயர் 10-க்கு, அதாவது இப்போது படித்து முடிக்கும் அதே வருடத்துக்குத் தேர்வு வைத்து, இடமும் ஒதுக்கிவிட்டார்கள். கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. திருத்தச் சொன்னபோது இயர் 11-இல் இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார்கள்.

சின்னவன் விஷயத்தில் பிறந்த தேதி குறுக்கே வந்தது. இங்கிலாந்து முறையில் ஆகஸ்ட் 31-தான் கோடு. அவன் பிறந்தது செப்டம்பர் நடுவில். பழைய பள்ளியில் அவன் கிரேடு 3 முடித்துவிட்டான், அடுத்தது அவர்கள் கணக்கில் இயர் 5 ஆக வேண்டும். ஆனால் வயதைப் பார்த்து இயர் 4 என்றார்கள். ஒரு வருஷம் பின்னால் போகிறானே என்று எனக்கு ஆறவே இல்லை, இரண்டு மெயில் எழுதிச் சண்டை போட்டேன். இதில் பள்ளி சொன்னதுதான் சரி என்று இன்று நினைக்கிறேன். வாசிப்பில் திணறும் பிள்ளைக்கு வயதுக்கு ஏற்ற வகுப்பில் உட்காருவது தண்டனை இல்லை, மூச்சு விட நேரம்.

சரி, இயர் 11 இடமும் கிடைத்தது, டெபாசிட் கட்டினோம். அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் முக்கியமானது.

அன்று மூத்தவள் புதிய பள்ளி அனுப்பிய பாடத்திட்டக் கோப்புகளை அச்செடுத்து, தன்னுடையதையும் பக்கத்தில் பரப்பி, தரையில் உட்கார்ந்து பச்சை மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷத்தில், "அம்மா, இங்க வந்து பாரேன், இது என் சிலபஸ் இல்ல" என்றாள். எனக்குப் புரியவில்லை. இரண்டு தாள்களையும் தூக்கிக் காட்டினாள். அவள் கணிதத்தின் மேல் 0580 என்று இருந்தது, அவர்களுடையதில் 4எம்ஏ1.

ஐஜிசிஎஸ்இ என்று ஊரே ஒரே பெயரில் சொன்னாலும் அதை நடத்தும் தேர்வு வாரியங்கள் ஒன்றல்ல. 0580 கேம்பிரிட்ஜ். 4எம்ஏ1 பியர்சன் எட்எக்ஸெல், அவர்கள் தாளில் அதன் பெயரே இன்டர்நேஷனல் ஜிசிஎஸ்இ. இரண்டுக்கும் மதிப்பு ஒன்றுதான், பல்கலைக்கழகங்கள் இரண்டையும் ஏற்கும், ஒன்று உயர்த்தி ஒன்று தாழ்த்தி இல்லை. ஆனால் நடுவில் தாவும் பிள்ளைக்கு அவை இரண்டு வேறு தேர்வுகள். கேம்பிரிட்ஜ் கணிதத்தில் 2025 தேர்விலிருந்து ஒரு தாளை கால்குலேட்டர் இல்லாமல் எழுத வேண்டும், எட்எக்ஸெலின் அந்தக் கணிதத்தில் இரண்டு தாளுக்கும் கால்குலேட்டர் உண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியலுக்கு கேம்பிரிட்ஜில் செய்முறைக்கென்று ஒரு தாள், அல்லது அதற்கு ஈடான எழுத்துத் தாள், தனியாக இருக்கிறது. எட்எக்ஸெலில் செய்முறைக் கேள்விகள் எழுத்துத் தாளுக்குள்ளேயே வந்துவிடும். அவள் ஒரு வருஷமாக ஆய்வகத்தில் அந்தத் தனித் தாளுக்காகத்தான் பழகியிருந்தாள். மதிப்பெண் எழுதும் விதம்கூட வேறு: கேம்பிரிட்ஜில் பெரும்பாலும் எழுத்து, எட்எக்ஸெலில் 9 முதல் 1 வரை எண்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான் என்று பள்ளி சொன்னது. நல்ல மாணவி, எட்டு மாதத்தில் பிடித்துவிடுவாள் என்றார்கள். ஆனால் புவியியல்? புதிய பள்ளியில் பாடங்களைப் பட்டிகளாகப் பிரித்திருந்தார்கள், ஒரு பட்டியில் ஒரு பாடம்தான் எடுக்கலாம். புவியியலும் உயிரியலும் ஒரே பட்டியில். அவளுக்குப் பிடித்த இரண்டில் ஒன்றை விட வேண்டும். ஆக, ஒரு பாடம் போகிறது, நான்கு பாடம் வேறு வாரியத்துக்கு மாறுகிறது, தேர்வுக்கு மிச்சம் இருப்பது ஒரு வருஷம்கூட இல்லை. அவள் அழவில்லை. தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு, "நான் இங்கயே இருந்து எக்ஸாம் எழுதிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். பதினைந்து வயதுப் பிள்ளை தனியாக இருந்துகொள்கிறேன் என்று கேட்கும் நிலைக்கு அவளைக் கொண்டுவந்துவிட்டோமே என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதையும் யோசிக்காமல் இல்லை. வழிகள் நான்கு தெரிந்தன. நானும் பிள்ளைகளும் ஒரு வருஷம் தங்கி, தேர்வு முடிந்து போவது. அவளை இயர் 10-இல் மறுபடி உட்கார வைப்பது. பள்ளியில் ஒன்று, வெளியே தனித் தேர்வராக இன்னொன்று என்று இரண்டையும் இழுப்பது. இல்லையென்றால், அதே ஊரில், அதே வாரியம், அதே பாடக் குறியீடு நடத்தும் வேறு பள்ளியைத் தேடுவது. நான்காவதுதான் கடைசியில் நடந்தது. ஆனால் முதலாவதை யாரும் தோல்வி என்று நினைக்க வேண்டாம். அப்படி ஒரு பள்ளி கிடைக்காமல் போயிருந்தால் நான் தங்கியிருப்பேன், அதுதான் சரியாகவும் இருந்திருக்கும்.

இங்கே கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும். ஜெனீவாவில் 1924-இல் சர்வதேசப் பள்ளி ஒன்று தொடங்கியது. ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் வேலை பார்க்க நாடு விட்டு வந்தவர்களின் பிள்ளைகளுக்காகத்தான் அது. பிறகு 1968-இல் ஐபி என்று நாம் சொல்லும் இன்டர்நேஷனல் பாக்கலோரியட் அதே ஊரில் உருவானதற்கும் பெற்றோர் வேலையோடு நாடு மாறும் பிள்ளைகள் ஒரு பெரிய காரணம். எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் எடுத்துப் போகக்கூடிய ஒரே சான்றிதழ் வேண்டும் என்ற தேவை. அந்த வரலாறு மனதில் இருந்ததால் 'இன்டர்நேஷனல்' என்றாலே எங்கே போனாலும் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிவிட்டேன். அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் பெயர்ப்பலகையில் போட்டுக்கொள்ளலாம் என்பது பிறகுதான் உறைத்தது. ஐபி நடத்துகிறோம் என்று சொல்லும் பள்ளி உண்மையில் அங்கீகாரம் பெற்றதா, அல்லது விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் பள்ளியா என்று ஐபியின் இணையதளத்தில் பெயரைப் போட்டாலே தெரிந்துவிடும். இங்கிலாந்துப் பாடத்திட்டப் பள்ளிகளில் சிலவற்றுக்கு அந்த நாட்டுக் கல்வித் துறை ஏற்றுக்கொண்ட ஆய்வு அறிக்கை இருக்கும், பொதுவில் வாசிக்கலாம். சிஐஎஸ் (சர்வதேசப் பள்ளிகள் கவுன்சில்) போன்ற அமைப்புகளின் தரச் சான்று இருக்கிறதா, எந்த வருஷம் புதுப்பித்தார்கள் என்றும் பார்க்கலாம். மூன்றுக்கும் சேர்த்து ஒரு மாலை நேரம் போதும்.

ஆனால் எங்களுக்கு உண்மையில் உதவியது ஒரே ஒரு மெயில். இரண்டாவது சுற்றில் ஐந்து பள்ளிகளுக்கு அதை அனுப்பினேன். எட்டுப் பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்கக் குறியீடு, அவள் எழுதப் போகும் தாள் எண்கள், இதுவரை முடித்த தலைப்புகள், தேர்வு மாதம். கீழே மூன்று கேள்விகள்: இதே குறியீட்டில் இயர் 11 வகுப்பு நடக்கிறதா, இந்த எட்டும் ஒரே நேர அட்டவணையில் பொருந்துமா, உங்கள் பிள்ளைகள் இதுவரை எந்தத் தலைப்புகளை முடித்திருக்கிறார்கள். இரண்டு பள்ளிகள் விளம்பரக் கையேட்டை அனுப்பிவைத்தன. ஒன்று பதிலே போடவில்லை. ஒன்று எட்எக்ஸெல் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டது. ஐந்தாவது, பட்டியலில் நாங்கள் சேர்க்கவே யோசித்த ஒரு சின்னப் பள்ளி. அங்கே அட்மிஷன் அலுவலர் அதைப் பாடப் பொறுப்பாளரிடம் கொடுத்திருக்கிறார், அவர் எட்டு வரிக்கும் எட்டுப் பதில் எழுதியிருந்தார். ஆறு அப்படியே இருக்கிறது, கூடுதல் கணிதம் பள்ளி நேரத்துக்குப் பிறகு நடக்கும், கணினி அறிவியல் இந்த வருஷம் முடியாது. பொய்யாக ஒரு 'ஆமாம்'கூட அதில் இல்லை. அந்தப் பதிலைப் படித்தபோதே எனக்கு மனசு பாரம் இறங்கிவிட்டது.

கேம்பிரிட்ஜில் ஒரு வசதி, அவள் எடுத்த பாடங்கள் எல்லாமே கடைசித் தேர்வில்தான் மதிப்பெண், நடுவில் எடுத்துச் செல்ல வேண்டிய கோர்ஸ்வொர்க் கிடையாது. அதனால் குறியீடு ஒத்துப்போனால் பள்ளி மாறலாம். ஒத்துப்போனாலும் வரிசை ஒத்துப்போகாது என்பது அங்கே போனபின் தெரிந்தது. புவியியலில் பழைய பள்ளி மக்கள்தொகை, குடியிருப்பு என்று தொடங்கியிருந்தது, புதிய பள்ளி ஆறுகள், கடற்கரையில் தொடங்கி அதை முடித்தே விட்டது. அவளுக்கு ஒன்றை இரண்டு முறை படிக்க நேர்ந்தது, இன்னொன்றைப் படிக்கவே வகுப்பு இல்லை. அந்த டீச்சர் தன் குறிப்பேட்டைக் கொடுத்து வியாழக்கிழமை மதியம் அரை மணி உட்கார்ந்ததால் அது சரியானது.

பெரிய பள்ளியில் கட்டிய டெபாசிட் போனது போனதுதான். சேருவதற்கு முன்பே விலகினாலும் திருப்பித் தர மாட்டோம் என்று ஒப்புதல் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது, கையெழுத்துப் போட்ட பிறகுதான் படித்தோம். நிறுவனமும் அதைத் தரவில்லை. 'கல்விக் கட்டணம் முழுவதும்' என்று மாற்றல் கடிதத்தில் இருந்ததற்கு அவர்கள் அர்த்தம் வகுப்புக் கட்டணம் மட்டும். விண்ணப்பக் கட்டணம், நுழைவுத் தேர்வுக் கட்டணம், கட்டட நிதி, பேருந்து, தேர்வு வாரியத்துக்குக் கட்டுவது, சிறப்பு உதவி வகுப்பு எதுவும் அதில் வராது. கையெழுத்துக்கு முன்னால் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், வேலை நடு வருஷத்தில் முடிந்தால் மிச்சக் கட்டணம் யார் தலையில் என்பதையும் சேர்த்து. நிறுவனம் தரும் கட்டணத் தொகைக்கு வரி உண்டா என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதையும் கேளுங்கள்.

அப்புறம் சின்னவன். இதை எழுத எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. பெரிய பள்ளியின் படிவத்தில் 'கற்றலில் ஏதேனும் உதவி தேவையா' என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதச் சொன்னது நான்தான். சொன்னால் இடம் தர மாட்டார்களோ என்ற பயம். வீடியோவில் தேர்வு வைத்தார்கள். அவன் வரிக்குக் கீழே விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக நகர்த்தி, வாய்க்குள் முணுமுணுத்து வாசித்தான், ஒரு பத்தி முடிக்க எவ்வளவோ நேரம் ஆனது. தேர்வு வைத்த அம்மா பொறுமையாகத்தான் இருந்தார். ஆனால் பழைய பள்ளி டீச்சரிடமிருந்து நேராக அவர்களுக்குப் போகும் ரகசியக் குறிப்பில் அவனுக்கு நடக்கும் தனி வகுப்பைப் பற்றி எழுதியிருந்தது. அது எங்கள் கைக்கு வராது, பள்ளிக்குப் பள்ளி போவது. 'உங்கள் படிவத்தில் இது இல்லையே' என்று ஒரு வரி மெயில் வந்தது. உதவி ஆசிரியர் நேரம் நிரம்பிவிட்டது, இப்போது அவனை எடுக்க முடியாது என்றும் சொன்னார்கள். முதலிலேயே சொல்லியிருந்தால் மார்ச்சிலேயே தெரிந்திருக்கும். சொல்லாமல் மறைத்து ஒரு பள்ளிக்குள் நுழைந்தால் அங்கே அந்தப் பிள்ளைக்கு உதவ ஆள் இருக்காது, அவ்வளவுதான் நடக்கும்.

சின்னப் பள்ளிக்கு அவன் வாசிப்பு பற்றிய அறிக்கையை முதல் மெயிலோடு அனுப்பினோம். வாரத்தில் நான்கு பீரியட் தனியாக எடுக்க ஆள் இருந்தார், ஆனால் இயர் 4 நிரம்பி அவன் வெயிட்டிங் லிஸ்டில் இரண்டாவது. அக்கா சேர்ந்ததால் முதலாவதாக ஏறினான். இந்தப் பட்டியல்கள் மே, ஜூனில் ஒரு முறை நகரும், குடும்பங்கள் ஊரைக் காலி செய்யும் நேரம் அது. மறுபடி ஆகஸ்ட் கடைசியில், வருவதாகச் சொன்னவர்கள் வராதபோது. எங்களுக்கு ஆகஸ்ட் 23 அன்று போன் வந்தது.

பள்ளியை நேரில் பார்த்தவர் என் கணவர் மட்டும்தான். இரண்டு பள்ளிக்கும் போனார். பெரிய பள்ளியில் நீச்சல் குளம், அரங்கம், ரோபோ அறை என்று சுற்றிக் காட்டினார்கள், போட்டோ வந்துகொண்டே இருந்தது. சின்னப் பள்ளிக்குப் போனபோது, "குளம் வேண்டாம், வராந்தா சுவரைப் பாருங்க, பசங்க எழுதினது ஒட்டியிருந்தா திருத்தம் போட்டிருக்கான்னு பாருங்க" என்றேன். ஒரு கட்டுரையின் மூன்று வரைவுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டியிருந்தார்கள், டீச்சரின் பென்சில் குறிப்போடு. பள்ளி விடும் நேரம் வாசலில் அரை மணி நின்று நான்கு பெற்றோரிடம் பேசச் சொன்னேன். போன வருஷம் எத்தனை டீச்சர் கிளம்பினார்கள், கிளம்பியவர்களுக்குப் பதில் ஆள் எப்போது வந்தது என்பதுதான் கேள்வி. இந்தப் பள்ளிகளில் ஆசிரியர்களின் முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு வருஷம், கொஞ்சம் பேர் போவது இயல்பு. பாதிப் பேர் போனால், அதுவும் தேர்வு வகுப்பு எடுப்பவர்கள் போனால், வேறு விஷயம். இங்கே கணித டீச்சர் ஆறாவது வருஷமாக இருக்கிறார் என்று ஒரு அப்பா சொன்னார்.

காகித வேலையில் சிக்கல் ஒன்றே ஒன்று: பிறப்புச் சான்றிதழுக்கும் மாற்றுச் சான்றிதழுக்கும் அப்போஸ்டில், அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசு முத்திரை, கேட்டார்கள். 1961 ஹேக் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளுக்கு அந்த ஒரு முத்திரை போதும், இல்லாத நாடுகளுக்குத் தூதரகம் வரை போக வேண்டும். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில் மாற்றுச் சான்றிதழ் இருக்கிறதா என்று பழைய பள்ளியை விட்டு வருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு முதல் மூன்று வாரம் தினமும் 12:40-க்கு மூத்தவளிடமிருந்து ஒரு மெசேஜ் வரும். 'என்ன பண்ற மா'. மதிய இடைவேளையில் பேச ஆள் இல்லை, போனைப் பார்ப்பது போல நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும், அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாமான் அடுக்குகிறேன், மழை வருகிறது, உன் அலமாரிக்குக் கைப்பிடி போட்டாயிற்று என்று எதையாவது எழுதுவேன். நான்காவது வாரம் செவ்வாய்க்கிழமை வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. புவியியல் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண்ணோடு நூலகத்துக்குப் போக ஆரம்பித்திருந்தாள்.

ஏழு பாடம் எழுதினாள், நல்ல மதிப்பெண். கணினி அறிவியல் போனதில் அவளுக்கு இன்னும் வருத்தம் உண்டு. சின்னவனுக்கு விரல் இன்னும் வரிக்குக் கீழேதான் இருக்கிறது, ஆனால் முணுமுணுப்பு நின்றுவிட்டது.

மூத்தவள் இப்போது அதே பள்ளியில் ஐபி டிப்ளமோ, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டு வருடப் படிப்பு. ஆறு பாடம், அதில் மூன்று உயர்நிலை, பாடத்துக்கு 7 வீதம் 42, நீள் கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாட்டுக்கும் சேர்த்து 3, மொத்தம் 45. பொறியியல் படிக்க ஆசை என்பதால் கணிதத்தில் பகுப்பாய்வுப் பிரிவையே உயர்நிலையில் எடுக்க வேண்டியிருந்தது, சில பல்கலைக்கழகங்கள் பயன்பாட்டுப் பிரிவை ஏற்பதில்லை. அந்த வகுப்பு போதிய பிள்ளைகள் சேர்ந்தால்தான் நடக்கும் என்றார்கள், சேர்ந்தார்கள்.

இந்த முறை நாங்கள் முதலில் பார்த்தது காலண்டரை. டிப்ளமோ தேர்வு 2027 மே. என் கணவரின் ஒப்பந்தம் முடிவது 2027 ஏப்ரல். இரண்டு வருடப் படிப்பின் கடைசி மாதத்தில் மறுபடி ஒரு பெட்டி கட்டல். அவள் பாடம் தேர்ந்தெடுத்த அதே வாரம் அவர் நிறுவனத்துக்குத் தேர்வு தேதிகளை இணைத்து எழுதினார், முடிவு ஜூலை முதல் வாரம் வரும், அதற்குப் பிறகு எங்கே வேண்டுமானாலும் வருகிறோம் என்று. ஒரு மாதம் பதில் இல்லை, இரண்டு முறை நினைவூட்டினார். போன வாரம் கடிதம் வந்தது, ஒப்பந்தம் ஜூலை 31 வரை நீட்டிப்பு. மூத்தவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தேதியின் கீழே பச்சை மார்க்கரால் ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.